புறத்து அறிவும் அகத்து நிலமும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவில் யானும் சில சொல்லவேண்டுமெனச் செயலாளர் அவர்கள் பணித்தார்கள். தமிழாசிரியனாகிய யான் இலக்கியப் பொருள் ஒன்றனையே எடுத்துக்கொள்வேன் என்று நீங்கள் எண்ணியிருத்தல் கூடும். ஆனால் இன்று மோட்டார் வண்டித் தொழிற்சாலையைப் பற்றியும், கண் மருத்துவமனையைப் பற்றியும் பேச எழுந்திருக்கின்றேன். அதற்குக் காரணம் உண்டு.

சென்ற திங்கள் நம் சங்கத்து நூலக அலமாரியை ஒழுங்குசெய்யும் பணியில் ஈடுபட்டிருந்தேன். அதன் கீழ்த்தட்டில் சணற்கயிற்றால் கட்டிய காகிதக் கட்டொன்று கிடந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். பல ஆண்டுகளாக நம் சங்கம் வெளியூர்களுக்கு அனுப்பிவைத்த அன்பர்கள் திரும்பி வந்து எழுதிக்கொடுத்த அறிக்கைகள் அவை. மாணவர் விடுதியைச் சிக்கனமாக நடத்தும் முறை, கூட்டுறவுப் பண்டகசாலையின் கணக்கு முறை, பெண்களுக்குத் தையற்பயிற்சி அளிக்கும் முறை என ஒவ்வொன்றும் உழைத்து எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொன்றன் இறுதியிலும் "செயற்குழுவில் வைக்கப்பட்டுப் பதிவு செய்யப்பட்டது" என்னும் ஒரு வரியும் கையெழுத்தும் காணப்பட்டன. அவ்வரிக்குப் பிறகு எவ்வகைக் குறிப்பும் இல்லை. கட்டைத் திரும்பக் கட்டிவைத்தேன். ஆயினும் மனம் அமைதி கொள்ளவில்லை. இத்துணை நல்லறிவு நம் வாயில்வரை வந்தும் உள்ளே புகாது நின்றது என்னை? இவ்வினாவே என்னை இன்று பேசத் தூண்டியது.

அன்பர்களே! வெளியறிவைப் பெறுதல் வேறு. அதனைத் தனதாக்கிக்கொள்ளுதல் வேறு. பெறுதற்குப் பொருளும் பயணமும் போதும். தனதாக்குதற்கோ அவை போதா. இவ்வேறுபாட்டை நம் முன்னோர் மாணாக்கரிடத்து வைத்து நன்கு உணர்த்தியிருக்கின்றனர். நன்னூல் செய்த பவணந்தி முனிவர் மாணாக்கரை முதல், இடை, கடை என மூவகையாகப் பகுத்து எட்டு உவமைகளால் விளக்கினார். பாலையும் நீரையும் பிரித்தறியும் அன்னமும், மேய்ந்ததைப் பின்னர் ஓரிடத்தே இருந்து அசைபோடும் பசுவும் முதல் மாணாக்கர்க்கு உவமை. உழவன் உழைப்பின் அளவே விளைவு தரும் மண்ணும், சொல்லிக்கொடுத்ததை மட்டும் சொல்லுங் கிளியும் இடை மாணாக்கர்க்கு உவமை. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்னும் நான்கும் கடை மாணாக்கர்க்கு உவமை. ஆடு ஒரு செடியிலும் வயிறு நிறைய மேயாது. பல செடிகளை நுனியில் கடித்துவிட்டு ஓடும். எருமை குளத்து நீரைக் கலக்கியே குடிக்கும். நெய்யரி என்பது பன்னாடை. அது நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசட்டைத் தன்னிடத்தே பிடித்துக்கொள்வது.

இவ்வெட்டும் தனி மாணாக்கரைக் குறித்துச் சொல்லப்பட்டனவாயினும், சங்கங்களுக்கும் கம்பெனிகளுக்கும் பள்ளிகளுக்கும் ஒருங்கே பொருந்துவன என்பது என் கருத்து. ஒரு நிறுவனமும் ஒரு மாணாக்கனே. அது பசுவாய்க் கற்கின்றதா, நெய்யரியாய்க் கற்கின்றதா என்பதே நாம் காணவேண்டுவது. இதனை விளக்க உண்மை வரலாறு ஒன்றைக் கூறுகின்றேன்.

ஜப்பான் நாட்டில் 1867-ஆம் ஆண்டில் தச்சர் ஒருவர்க்கு மகனாய்ப் பிறந்தவர் சாக்கிச்சி டொயோடா. தம் ஊர்ப் பெண்டிர் கைத்தறியில் வருந்தி நெய்வதைக் கண்ட அவர், அவ்வருத்தத்தைக் குறைக்கும் தறிகளை ஆக்குவதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டார். 1924-ஆம் ஆண்டில் அவர் நிறைவு செய்த தானியங்கித் தறி, நெசவு நடந்துகொண்டிருக்கும்பொழுதே நாடாவை மாற்றிக்கொள்ளும். பாவில் ஓர் இழை அறுந்தால் தானே நின்றுவிடும். பழுதான துணியை மேலும் மேலும் நெய்துகொண்டே போகாமல், பழுது தோன்றிய இடத்திலேயே நின்றுவிடுதல் அதன் சிறப்பு. இங்கிலாந்தில் நெசவு இயந்திரத் தொழிலில் புகழ்பெற்றிருந்த பிளாட் பிரதர்ஸ் என்னும் கம்பெனி, 1929-ஆம் ஆண்டில் அத்தறியின் உரிமையை 1 லட்சம் பவுனுக்குப் பெற ஒப்பந்தம் செய்தது. நெசவு இயந்திரத்தை உலகுக்குக் கற்பித்த நாடு, தன்னிடம் கற்றவரிடமே வந்து விலைகொடுத்துக் கற்றது.

சாக்கிச்சியின் மகனார் கீச்சிரோ மோட்டார் வண்டி செய்ய விரும்பினார். அக்கலை அவர் நாட்டில் அன்று இளமைப் பருவத்தில் இருந்தது. அவர் அமெரிக்கச் செவர்லே வண்டி ஒன்றை வாங்கி, அதனை ஓட்டி மகிழாமல், உறுப்பு உறுப்பாகப் பிரித்து ஒவ்வொன்றையும் அளந்து வரையச் செய்தார். முதலில் வார்த்த இஞ்சின் உருக்கள் பல பழுதாயின. அவற்றை எறிந்துவிட்டு மீண்டும் வார்த்தனர். 1937-ஆம் ஆண்டில் டொயோட்டா மோட்டார் கம்பெனி தோன்றியது.

போருக்குப் பின் அக்கம்பெனி பெருந் துன்பத்துக்கு உள்ளாயிற்று. 1950-ஆம் ஆண்டில் கடன் பெருகி, தொழிலாளர் பலரை நீக்க நேர்ந்து, வேலைநிறுத்தமும் மூண்டது. கீச்சிரோ பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். அத்தகைய காலத்தில், அவ்வாண்டிலேயே, அவர் உறவினரான ஐஜி டொயோடா என்னும் இஞ்சினீயர் அமெரிக்கா சென்று ஃபோர்டு தொழிற்சாலையில் பல வாரங்கள் தங்கிக் கற்றார். அக்காலத்தில் ஃபோர்டு கம்பெனி நாளொன்றுக்கு ஏறக்குறைய 8,000 வண்டிகளைச் செய்துகொண்டிருந்தது. டொயோட்டா செய்ததோ 40 அளவினதே. நாமாயின் அவ்வேறுபாட்டைக் கண்டு மலைத்துத் திரும்பியிருப்போம். அன்றேல் அவர்கள் வைத்திருப்பது போன்ற பெரிய இயந்திரங்களை வாங்கக் கடன் கேட்டிருப்போம். டொயோட்டா இரண்டும் செய்யவில்லை. அங்கே தொழிலாளர் தம் யோசனைகளை எழுதித் தரும் முறை ஒன்று இருந்தது. பணச்செலவு மிகுதியாக வேண்டாத அம்முறையைக் கொண்டுவந்து 1951-ஆம் ஆண்டில் தம் கம்பெனியில் நிறுவினர். பின்னர் அதனை ஃபோர்டினும் மேலாக வளர்த்தனர். அன்னம் பாலைப் பிரித்தெடுத்தது என்னலாம்.

இனிப் பசுவின் செயலைக் கேளுங்கள். தாயீச்சி ஓனோ என்னும் ஒருவர் டொயோடா நூற்பு நெசவுக் கம்பெனியில் 1932-ஆம் ஆண்டில் சேர்ந்து, 1943-ஆம் ஆண்டில் மோட்டார் கம்பெனிக்கு மாறியவர். நெசவாலையில், தறி தானே நின்றுவிடும் ஆதலின், ஒரு பெண் பல தறிகளைக் கவனித்துக்கொள்வதை அவர் கண்டிருந்தார். மோட்டார் தொழிற்சாலையிலோ ஓர் இயந்திரத்துக்கு ஓர் ஆள் நின்றிருந்தான். ஓனோ அவ்வியந்திரங்களை இடம் மாற்றி அமைத்து, ஓராள் பலவற்றை நடத்துமாறு செய்தார். தறியின் அறிவு மோட்டாருக்கு வந்தது.

அமெரிக்காவில் மக்கள் தாமே பண்டங்களை எடுத்துக்கொள்ளும் சூப்பர் மார்க்கெட்டுக் கடைகள் இருப்பதை அவர் கேள்வியுற்றுச் சிந்தித்து வந்தார். 1956-ஆம் ஆண்டில் நேரிலும் சென்று கண்டார். அக்கடையில் வாங்குவோர் தமக்கு வேண்டியதை, வேண்டிய அளவு, வேண்டிய பொழுது எடுத்துச் செல்கின்றனர். எடுத்த இடத்தைக் கடைக்காரர் மீண்டும் நிரப்புகின்றனர். எடுக்கப்படாத பண்டத்தை மேலும் கொண்டுவந்து குவிப்பார் இலர். இக்கடையைக் கண்டார் பல்லாயிரவர். ஓனோ ஒருவரே அதனுள் ஒரு தொழிற்சாலையைக் கண்டார். பின்னிற்கும் தொழிலாளி முன்னிற்கும் தொழிலாளிக்குக் கடைக்காரன். முன்னவன் எடுத்துக்கொண்ட அளவே பின்னவன் செய்யவேண்டும் என்னும் முறையை அவர் வகுத்தார். எடுத்ததைத் தெரிவிக்க ஒரு சிறு அட்டை. அதன் பெயர் கன்பான். அம்முறை கம்பெனி முழுதும் பரவுதற்குப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. பசு மேய்ந்தது சில நாள். அசைபோட்டது பல ஆண்டு.

மளிகைக் கடையில் மோட்டார் தொழிலைக் காணுங் கண் ஓனோவுக்கு எங்ஙனம் வந்தது? அமெரிக்காவுக்குப் போனதனால் வந்ததன்று. தம் தொழிற்சாலையில் உறுப்புக்கள் ஓரிடத்தே குவிந்தும் மற்றோரிடத்தே இல்லாமலும் இருக்கும் துன்பத்தோடு அவர் பல ஆண்டு போராடியிருந்தார். வினா அவர் நெஞ்சில் முன்னரே இருந்தது. கடை அதற்கு விடையாய்த் தோன்றியது. வினா இல்லாதவனுக்கு விடை எதிரே வந்து நின்றாலும் அது விடையென்று தெரியாது. 1990-ஆம் ஆண்டில் வெஸ்லி கோஹன், டேனியல் லெவிந்தால் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் இக்கருத்தை ஆராய்ந்து எழுதினர். ஒரு நிறுவனம் வெளியறிவின் மதிப்பை உணர்ந்து, உட்கொண்டு, பயன்படுத்தும் ஆற்றல், அந்நிறுவனம் அத்துறையில் முன்னரே பெற்றிருக்கும் அறிவைப் பொறுத்தது என்பது அவர் துணிபு. தானே ஆராயும் முயற்சி புதியது காண்பதற்கு மட்டுமன்றிப் பிறர் கண்டதை உணர்வதற்கும் வேண்டும் என்றனர். உழாத நிலத்தில் விழுந்த விதை பறவைக்கு இரையாகும் என்பதை நம் உழவரும் அறிவர்.

இதுவரை கற்றவர் வரலாறு. இனி அருகிலேயே இருந்தும் கற்க இயலாதவர் வரலாற்றையும் கேட்டருளுங்கள்.

அமெரிக்காவில் கலிபோர்னியா நாட்டு ஃபிரீமாண்ட் என்னும் ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. மேலாளர்க்கும் தொழிலாளர்க்கும் ஓயாப் பகை. சில நாள்களில் ஐந்தில் ஒருவர் வேலைக்கே வாரார். வண்டிகளும் பழுதுடையனவாய் வெளிவந்தன. 1982-ஆம் ஆண்டில் அதனை மூடிவிட்டனர். பின்னர் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து, 1984-ஆம் ஆண்டில் அதே கட்டடத்தில் புதிய தொழிற்சாலை ஒன்றைத் திறந்தன. சிறு வண்டிகளைக் குறைந்த செலவில் நன்கு செய்வது எப்படி என்று கற்க ஜெனரல் மோட்டார்ஸ் விரும்பியது. அமெரிக்கத் தொழிலாளரோடு வேலை செய்வது எப்படி என்று கற்க டொயோட்டா விரும்பியது.

புதிய தொழிலாளருட் பெரும்பாலார் பழைய தொழிற்சாலையில் வேலை செய்தவரே. அவர்தம் தொழிற்சங்கமும் பழையதே. அவருள் பல நூற்றுவரை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்றுவித்தனர். வேலை நடக்கும் வரிசை நெடுக ஒரு கயிறு கட்டப்பட்டது. பழுது கண்ட எத்தொழிலாளியும் அதனை இழுக்கலாம். தீராவிடில் வரிசை முழுதும் நின்றுவிடும். இழுத்தவனைக் குழுத்தலைவர் கடிந்துகொள்ளமாட்டார், ஓடிவந்து உதவுவார். இழை அறுந்தால் நின்ற சாக்கிச்சியின் தறியே அங்கே கயிறாய் வந்து நின்றது. இரண்டு ஆண்டுக்குள் அத்தொழிற்சாலை, வண்டியின் தரத்தில் ஜப்பான் தொழிற்சாலைக்கு நிகராக நின்றது. ஆட்கள் அவரே, மாறியது முறையும் நம்பிக்கையும்.

அற்றேல், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி முழுதும் உடனே திருந்தியிருக்கவேண்டும் அன்றோ? அவ்வாறு நிகழவில்லை. அக்கம்பெனி தன் மேலாளர் சிலரை ஃபிரீமாண்டுக்கு அனுப்பிப் பயில்வித்தது. அவர் நன்கு கற்றனர். திரும்பியபின் அவர்களைப் பல ஊர்களிலும் தனித்தனியே சிதறவிட்டனர். ஒவ்வொருவரும் தாம் சென்ற இடத்தில் தனியராய் நின்றனர். அவர் சொல் பலகாலும் அம்பலம் ஏறவில்லை. வேறு தொழிற்சாலைகளில் கயிற்றை மட்டும் கட்டிப் பார்த்ததும் உண்டு. அங்கே மேலாளர்க்கு ஊக்கத்தொகை, செய்துமுடித்த வண்டிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. வரிசை நின்றால் எண்ணிக்கை குறையும். ஆதலின் கயிற்றை இழுப்பதை அவர் விரும்பவில்லை. கயிறு தொங்கியது, இழுப்பார் இல்லை. நெய் கீழே போயிற்று, கசடு தங்கியது.

பின்னாளில் அக்கம்பெனியும் இம்முறைகளைத் தன் தொழிற்சாலைகளிற் பரப்ப முயன்று ஓரளவு முன்னேறியது என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் காலம் கடந்துவிட்டது. டொயோட்டாவோ தான் கற்க விரும்பியதைக் கற்று, 1988-ஆம் ஆண்டிலேயே கெண்டக்கி நாட்டில் தனியே தொழிற்சாலை நடத்தத் தொடங்கிற்று. 2008-ஆம் ஆண்டில் உலகில் மிகுதியான வண்டிகள் விற்ற பெருமை ஜெனரல் மோட்டார்ஸினின்றும் டொயோட்டாவுக்குச் சென்றது. 2009-ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் கடன்தீர்க்க இயலாமல் நீதிமன்றத்தை அடைந்தது. அவ்வீழ்ச்சிக்குப் பிற காரணங்களும் உண்டு. யான் அவற்றை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் 25 ஆண்டுக் காலம் தன் வீட்டிலேயே ஆசிரியரை வைத்திருந்தும் பாடத்தை வீடு முழுதும் பரப்ப இயலாமற்போன மாணாக்கன் என்பதை மறுத்தல் ஒல்லாது. ஃபிரீமாண்டுக் கூட்டுத் தொழிற்சாலையும் 2010-ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

இவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ளத்தக்கது யாது? கற்றுவந்தவன் நல்லவனாய் இருந்தால் மட்டும் போதாது. அவன் திரும்பிவந்து நிற்கும் இடத்தில் பழைய நடைமுறை அசையாதிருக்குமாயின், அவன் கற்றது அவனோடே ஒழியும். அறிவைக் கொண்டுவருவோனினும் அதனை ஏற்கும் நிலமே பெரிது.

கடல்கடந்த கதையாகவே இருக்கின்றதே எனச் சிலர் எண்ணலாம். நம் மதுரை மாநகரில் கண்கூடாகக் காணத்தக்க சான்று ஒன்று உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் அரசாங்க ஊழியத்தினின்றும் ஓய்வுபெற்ற பின், 1976-ஆம் ஆண்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். முடக்குவாதத்தால் அவர்தம் விரல்கள் வளைந்திருந்தன. அவ்விரல்களாலேயே பல்லாயிரம் கண்களுக்குச் சிகிச்சை செய்தவர் அவர். வறியவர்க்கும் கண்ணொளி கிடைக்கவேண்டும் என்னும் ஒரே வினா அவர் நெஞ்சில் இருந்தது. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் என்னும் உணவுக் கடை எத்தனை ஊரில் இருந்தாலும் ஒரே முறையில், ஒரே தரத்தில், குறைந்த விலைக்கு உணவு தருவது அவர் கருத்தை ஈர்த்தது. உணவைப் பற்றி அவர்க்குக் கவலை இல்லை, அம்முறையை எடுத்துக்கொண்டார். ஒரு நோயாளிக்குச் சிகிச்சை முடியும் அளவில் அடுத்த மேசையில் மற்றொருவர் ஆயத்தமாய் இருப்பார். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து பயிற்றி, மருத்துவர் அல்லாதார் செய்யத்தக்க வேலைகளை எல்லாம் அவரிடம் ஒப்புவித்தனர். மருத்துவரின் காலம் மருத்துவத்துக்கே பயன்பட்டது.

கண்ணுக்குள் வைக்கும் செயற்கை வில்லையின் வரலாறும் இதனோடு சேர்ந்தது. லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்னும் மருத்துவர் 1949-ஆம் ஆண்டில் முதன்முதல் அதனை வைத்தார். போர்க்காலத்தில் விமானம் ஓட்டியவர் கண்களில் தெறித்துப் பதிந்த ஒருவகைப் பிளாஸ்டிக் துண்டுகள் கண்ணுக்கு ஊறு செய்யாமல் இருந்ததைக் கண்டு அவர் அப்பொருளைத் தேர்ந்தார். அவர் காலத்து மருத்துவ உலகம் நெடுநாள் அவரை எதிர்த்தது. பின்னர் அவ்வில்லை உலகெங்கும் பரவியபொழுதும், அதன் விலை நம் நாட்டு ஏழைக்கு எட்டாததாய் இருந்தது; அவர் தடித்த கண்ணாடியோடே காலங் கழித்தனர். அரவிந்த் மருத்துவமனையார் வெளிநாட்டு அன்பர் துணையோடு அக்கலையைக் கற்று, 1992-ஆம் ஆண்டில் ஆரோலேப் என்னும் தொழிற்சாலையை மதுரையிலேயே நிறுவி, அவ்வில்லையைத் தாமே செய்யத் தொடங்கினர். விலை பன்மடங்கு குறைந்தது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு அவை செல்கின்றன. அங்கே அறுவைச் சிகிச்சை நாள்தோறும் நடந்துகொண்டிருந்தமையால், எத்தகைய வில்லை வேண்டும், எது குறையுடையது என்று அறியும் அறிவு முன்னரே இருந்தது. நிலம் உழப்பட்டிருந்தது; விதை முளைத்தது.

அம்மருத்துவமனையார் இன்று பிற மருத்துவமனைகளுக்கும் தம் முறையைக் கற்பிக்கின்றனர். கற்க வருவோர் மருத்துவரும், செவிலியரும், நிருவாகிகளும் குழுவாக வருகின்றனர். ஃபிரீமாண்டினின்றும் சென்றவர் தனித்து நின்று மாய்ந்த குறைக்கு இதுவே மருந்து.

அன்பர்களே! பிறரைக் குறைகூறும் முன் என் குறையையும் சொல்லிவிடுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் யான் வேலைபார்த்த ஒரு பள்ளியினின்றும் பத்து நாட் பயிற்சிக்கு அனுப்பப்பட்டேன். எழுத்துக்கூட்டிப் படிக்க இடர்ப்படும் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் முறை அங்கே சொல்லித் தரப்பட்டது. குறிப்பேடு நிறைய எழுதிக்கொண்டு வந்தேன். தலைமையாசிரியர், "நன்று, அறிக்கை எழுதிக் கொடுங்கள்" என்றார். எழுதிக் கொடுத்தேன். மறுநாள் வகுப்பறைக்குச் சென்றேன். பழைய முறையிலேயே பாடம் நடத்தினேன். எவரும் தடுக்கவில்லை, எவரும் கேட்கவும் இல்லை. இரண்டு ஆண்டு கழித்து, எட்டாம் வகுப்புக்கு வந்தும் ஒரு பத்தியைப் படிக்க இயலாத பையன் ஒருவன் என் முன் நின்று தலைகுனிந்தான். அவன் ஆறாம் வகுப்பில் என்னிடம் பயின்றவன். அன்று மாலை வீடு சென்று அக்குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். அப்பையனுக்கு வேண்டிய மருந்து அதன் மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது. அதன்பின் அவனுக்கு நாள்தோறும் அரைமணி நேரம் அம்முறையில் சொல்லிக் கொடுத்தேன். ஆண்டு முடிவதற்குள் படிக்கலானான். ஆனால் அவன் இழந்த இரண்டு ஆண்டை யான் எவ்வாறு திருப்பித் தருவேன்? அலமாரிக் கட்டைக் கண்டு யான் மனங்கலங்கியதற்கு இதுவே காரணம். அக்கட்டில் உறங்கும் ஒவ்வோர் அறிக்கைக்கும் பின்னே ஒரு பையனோ ஒரு பெண்ணோ நிற்கின்றார்.

இனிச் சொல்லப்போவது சிலர்க்குக் கசக்கலாம். அன்பினால் சொல்லுகின்றேன் என்று பொறுத்தருளுங்கள். நம் சங்கம் ஒரு குலத்தார் ஒன்றுகூடி அமைத்தது. நம்மவர்க்கு நாமே துணை என்னும் எண்ணம் நம் முன்னோர்க்குத் தூண்டுகோலாய் இருந்தது, அஃது இழிவன்று. ஆயினும் அவ்வெண்ணமே நாளடைவில், "நம்மவர் சொன்னால் கேட்போம், பிறர் சொன்னால் நமக்கு ஒவ்வாது" என்னும் நோயாகவும் மாறக்கூடும். அறிக்கைகளில் ஒன்று பிற சமூகத்தார் நடத்தும் விடுதியைப் பற்றியது. அதன் ஓரத்தில், "அவர்கள் முறை நமக்குப் பொருந்தாது" என ஒரு கை எழுதியிருக்கின்றது. பொருந்தாமைக்குக் காரணம் எழுதப்படவில்லை. சொல்பவர் யாவர் என்று நோக்காது, சொல்லப்பட்டதன் உண்மையை நோக்கவேண்டும் என்பது வள்ளுவனார் வகுத்த நெறி அன்றோ?

நம் தாய்மொழி இதற்கு வழிகாட்டுகின்றது. பிறமொழிச் சொல் தமிழுள் வரலாம்; ஆனால் தனக்குரிய எழுத்தை விட்டுத் தமிழ் எழுத்தை ஏற்று வரவேண்டும் என்பது தொல்காப்பியனார் வடசொல்லுக்கு வகுத்த இலக்கணம். வாயில் அடைக்கப்படவும் இல்லை. காவலின்றித் திறந்துவிடப்படவும் இல்லை. வழிநூல் வகை நான்கனுள் மொழிபெயர்ப்பையும் ஒன்றாக அவர் வைத்தார். புறத்ததைத் தன் இயல்புக்கு ஏற்ப ஏற்றுக்கொள்ளுதல் தமிழுக்கு இழுக்கன்று எனின், தமிழராகிய நமக்கு மட்டும் இழுக்காகுமா?

புறம் என்பது வேறு குலமும் வேறு நாடும் மட்டும் அன்று. நம் சங்கத்துள்ளேயே புறத்தே நிறுத்தப்பட்டவர் உளர். வெளியூரில் வேலைபார்த்துத் திரும்பும் இளைஞன் பேசத் தொடங்கினால், "நீ நேற்றுப் பிறந்தவன்" என்கின்றோம். குடும்பக் கணக்கைப் பிழையின்றி நடத்தும் தாய்மார்களைச் சங்கக் கணக்கைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. கயிற்றைக் கட்டிவிட்டு, இழுப்பவன் கையைத் தட்டிவிடும் மேலாளர்க்கும் நமக்கும் வேறுபாடு யாது?

குறையை மட்டும் சொல்லி அமர்வது முறையன்று. நான்கு செயல்களைச் செயற்குழுவின் முன் பணிவுடன் வைக்கின்றேன்.

முதலாவது: எவரையும் வெளியே கற்க அனுப்பும் முன், நாம் அறியவேண்டும் வினாவை எழுதிக்கொள்வோம். விடுதிச் செலவு ஏன் மிகுகின்றது, பிள்ளைகள் எவ்வகுப்பில் படிப்பை விடுகின்றனர் என நம் கணக்கை நாமே முதலில் ஆராய்வோம். அதுவே உழவு.

இரண்டாவது: ஒருவரைத் தனியே அனுப்பாது, இருவர் மூவராக அனுப்புவோம், அவருள் ஒருவர் அவ்வேலையைக் கையால் செய்பவராய் இருக்கட்டும். சமையற் செலவைக் கற்கச் செயலாளரோடு விடுதிச் சமையற்காரரும் போகட்டும்.

மூன்றாவது: திரும்பிவந்த ஒரு திங்களுக்குள், கற்றவற்றுள் ஒன்றேயொன்றைச் செய்துபார்ப்போம். பத்தை நுனிகடிக்கும் ஆட்டினும் ஒன்றை அசைபோடும் பசு மேல். அது நமக்கு ஏற்ப மாறவேண்டுமாயின் மாற்றுவோம்.

நான்காவது: ஓராண்டு கழித்து, செய்தது பலித்ததா, இல்லையா என்பதை இம்மாத வெளியீட்டிலேயே அச்சிடுவோம். பலிக்காததையும் அச்சிடுவோம், அதனைச் சொன்னவரைப் பழியாது பாராட்டுவோம். இழை அறுந்தது என்று சொல்பவன் துணியைக் காப்பவன்.

அலமாரியிலிருந்த அக்கட்டினின்றும் ஓர் அறிக்கையை இன்று கையோடு கொண்டுவந்திருக்கின்றேன். பெண்களுக்குத் தையற்பயிற்சி அளிப்பதைப் பற்றியது. எழுதியவர் இன்று நம்மிடையே இல்லை. இதனை அவைத்தலைவர் அவர்களிடம் ஒப்படைக்கின்றேன். இதன் இறுதியில் "பதிவு செய்யப்பட்டது" என்னும் வரி இருக்கின்றது. அதன் கீழே "செய்து பார்க்கப்பட்டது" என்னும் மற்றொரு வரியை எழுத இடம் உள்ளது. அடுத்த ஆண்டு விழாவுக்குள் அவ்வரியை எழுதும் கை நம்முள் ஒருவருடையதாகுக என வேண்டி அமைகின்றேன்.